பழைய பேய்ப்பட இசையைப் புதிய பூதத்துக்குப் போடலாமா?

தென்மாவட்டம் ஒன்றிலிருந்து எழுதியிருக்கும் வாசகருக்கு 27 வயது. கல்யாண வீடியோ எடுப்பது தொழில். சேமிப்பும் கடனுமாகச் சேர்த்த ஒன்பது லட்ச ரூபாயில் 74 நிமிடப் பூதப் படம் ஒன்றை எடுத்து முடித்திருக்கிறார். ஊர்க் குளத்தைத் தூர்வாரும்போது சேற்றிலிருந்து எழுந்து வரும் ஒரு ஜந்துதான் கதை. ரப்பர் உடைக்குள் நடித்தவர் அவருடைய மைத்துனர். படப்பிடிப்பிலேயே பணம் தீர்ந்துவிட்டதால் ரீரெக்கார்டிங்குக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. எடிட்டிங்கின்போதே கிடைத்த இசையை எடுத்து ஒட்டிவிட்டார்.

டைட்டிலுக்கு ஜெர்மானிய இசைமேதை பாக்கின் டொக்காட்டா என்ற ஆர்கன் இசை, யூடியூபில் கிடைத்த வாசிப்பு. உச்சக்காட்சிக்கு அதே டொக்காட்டாவின் ஆர்க்கெஸ்ட்ரா வடிவம், இசைக்குழு நடத்துநர் ஸ்டொகோவ்ஸ்கி அமைத்தது. குளியலறைக் காட்சிக்கு (ஆம், இவர் படத்திலும் ஒன்று இருக்கிறது) ஹிட்ச்காக்கின் 1960 ‘சைக்கோ’ படத்து வயலின் அலறல், 22 விநாடி, சுருதியையும் வேகத்தையும் சற்று மாற்றி. ஊரார் கதவடைத்துக்கொள்ளும் இரவுக் காட்சிகளுக்கு 1968-இல் வந்த ‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ படத்திலிருந்து வெட்டிய துண்டுகள். மீதியைக் கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவர் தன் வீட்டிலேயே பதிவுசெய்து கொடுத்திருக்கிறார். “படம் விற்றால் பார்த்துக்கொள்ளலாம்” என்பதைத் தவிர இருவருக்குமிடையே எந்த ஒப்பந்தமும் இல்லை.

இப்போது ஓடிடி தளங்களுக்குப் படம் வாங்கிக் கொடுக்கும் விநியோகஸ்தர் ஒருவர் முன்வந்திருக்கிறார். எந்தக் காட்சியில் யாருடைய இசை எத்தனை விநாடி என்று காட்டும் கியூ ஷீட் வேண்டுமாம். கூடவே, இசை உட்பட எல்லா உரிமைகளும் தன்னிடமே உள்ளன, வழக்கு வந்தால் முழு இழப்பையும் தானே ஏற்பேன் என்று தயாரிப்பாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். பதில் சொல்ல இரண்டு வாரம் அவகாசம். இதற்கிடையே டிரெய்லர்மீது யூடியூபில் உரிமைக்கோரல் ஒன்றும் வந்திருக்கிறது. “ஹாலிவுட்டின் மலிவுப் பூதப் படங்களே ஒரு படத்து இசையை இன்னொரு படத்துக்கு எடுத்துப் போட்டுத்தான் பிழைத்தன. அவர்கள் செய்தது மரபு, நான் செய்தால் திருட்டா? 30 விநாடிக்கு உட்பட்டுத்தானே எடுத்தேன்? கடைசியில் நன்றி கார்டும் போட்டிருக்கிறேன். கையெழுத்துப் போடலாமா?” என்று கேட்கிறார்.

தம்பி, இந்தப் படத்தை இப்போதிருக்கும் நிலையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள். ஆனால் படத்தைத் தூக்கிப் போடவும் வேண்டாம். மாற்ற வேண்டியது நீங்கள் பயப்படுவதைவிடக் குறைவுதான்.

உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்ததே அந்த மரபு வாதம்தான். நீங்கள் சொல்லும் வரலாறு உண்மை. யுனிவர்சல் நிறுவனத்தின் 1931 ‘டிராகுலா’வில் டைட்டிலுக்கு ஒலிப்பது சைகோவ்ஸ்கியின் ‘ஸ்வான் லேக்’ பாலேயிலிருந்து ஒரு பகுதி. மறு ஆண்டு வந்த ‘தி மம்மி’க்கும் அதே பகுதியையே போட்டார்கள். 1935 ‘பிரைட் ஆஃப் ஃபிராங்கன்ஸ்டைன்’ படத்துக்காக ஃபிரான்ஸ் வாக்ஸ்மன் எழுதிய இசை, அடுத்த ஆண்டே ‘ஃபிளாஷ் கோர்டன்’ தொடர்படத்தில் விண்வெளிக் கப்பல்களுக்குப் பின்னால் ஒலித்தது. 1954-இல் ‘கிரியேச்சர் ஃப்ரம் தி பிளாக் லகூன்’ வந்தபோது ஹெர்மன் ஸ்டைன், ஹென்றி மான்சினி, ஹான்ஸ் சால்ட்டர் என மூன்று பேர் பங்கு போட்டு இசை எழுதினார்கள். தண்ணீரிலிருந்து நகம் நீண்ட கை தலைகாட்டும்போதெல்லாம் பித்தளைக் கருவிகள் அலறும் அந்த மூன்று சுரம், அடுத்து வந்த இரண்டு தொடர்ச்சிப் படங்களிலும் விடாமல் துரத்தியது. மலிவுப் படங்களைத் தயாரித்து இயக்கிய ரோஜர் கார்மனின் கதை இன்னும் வேடிக்கையானது. ஃபிரெட் காட்ஸ் எழுதிய அதே இசை 1959 ‘எ பக்கெட் ஆஃப் பிளட்’, 1960 ‘தி லிட்டில் ஷாப் ஆஃப் ஹாரர்ஸ்’, 1961 ‘கிரியேச்சர் ஃப்ரம் தி ஹாண்டட் சீ’ என்று படம் படமாகப் போய்க்கொண்டே இருந்தது.

இதில் நீங்கள் கவனிக்காமல் விட்டது ஒன்றுதான். இவர்களில் யாரும் அடுத்தவர் வீட்டுக் கொடியிலிருந்து துணி எடுத்து உடுத்தவில்லை. தங்கள் கொடியில் காய்ந்ததையே மறுபடி உடுத்தினார்கள். வாக்ஸ்மனும் ஸ்டைனும் யுனிவர்சலுக்காகச் சம்பளத்துக்கு எழுதியவர்கள். அந்த இசை ஸ்டுடியோவின் சொத்து. கார்மன் காட்ஸுக்குப் பணம் கொடுத்தவர். சைகோவ்ஸ்கி 1893-இலேயே இறந்துவிட்டார். சொந்தமாக ஆர்க்கெஸ்ட்ரா வைத்துக்கொள்ள முடியாத இன்னும் சிறிய படக்காரர்கள் லைப்ரரி இசையை நாடினார்கள். படத்துக்கென்று எழுதாமல், ‘பதற்றம்’, ‘துரத்தல்’, ‘மர்மம்’ என்று தரம் பிரித்துப் பதிவுசெய்து, உரிமக் கட்டணத்துக்குக் கொடுக்கப்பட்ட இசை அது. ஒரே இசைத் துண்டு இரண்டு படங்களில் கேட்கிறது என்றால் இருவரும் ஒரே கடையில் வாங்கினார்கள் என்று பொருள். ஆக, அந்த மரபில் ஒவ்வொரு மறுபயன்பாட்டுக்கும் பின்னால் ஒரு சம்பளச் சீட்டோ, உரிமச் சீட்டோ, ஓர் இறந்த தேதியோ இருக்கிறது. உங்கள் கியூ ஷீட்டில் அந்தக் கட்டம்தான் காலியாக இருக்கிறது. விநியோகஸ்தர் கேட்பதும் அதைத்தான்.

‘ரீ-அனிமேட்டர்’ படத்தின் டைட்டில் இசை ‘சைக்கோ’வை அப்படியே நினைவுபடுத்துகிறதே என்றும் எழுதியிருக்கிறீர்கள். நினைவுபடுத்துகிறது, மறுக்கவில்லை. ஆனால் 1985-இல் இன்னொரு நாட்டில் இன்னொருவர் செய்தது நம் ஊர் நீதிமன்றத்தில் உங்களுக்குப் பதிலாகாது.

30 விநாடிக் கணக்கு

இத்தனை விநாடி வரை எடுக்கலாம் என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தில் எந்த வரியும் இல்லை. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு நியாயமான பயன்பாட்டுக்கு இடம் தருகிறது. அது தனிப்பட்ட பயன்பாடு, ஆய்வு, விமர்சனம், நடப்புச் செய்தி போன்றவற்றுக்கானது. கதைப்படத்துக்குப் பின்னணி சேர்ப்பது அதில் அடங்காது. நீதிமன்றம் விநாடியை எண்ணுவதைவிட, எடுத்த பகுதி மூலத்தின் உயிர்ப்பகுதியா என்றுதான் பார்க்கும். ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் 1978-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன அளவுகோல் இன்றும் நிற்கிறது: இரண்டையும் பார்த்த சாதாரணப் பார்வையாளர் மனத்தில் இது அதன் நகல் என்ற எண்ணம் தவிர்க்க முடியாமல் எழுகிறதா? ‘சைக்கோ’வின் அலறலைப் பொறுத்தவரை உங்கள் காட்சியின் நோக்கமே அந்த எண்ணத்தை எழுப்புவதுதான். சுருதி மாற்றியது உங்களுக்கு உதவாது. மறைக்கப் பார்த்தார் என்று எதிர்த்தரப்பு வாதிடத்தான் உதவும். நன்றி கார்டும் அப்படியே. அனுமதி வாங்காமல் போடும் நன்றி, யாருடையது என்று தெரிந்தே எடுத்தேன் என்பதற்குச் சாட்சி.

இறந்த தேதிகளையும் பார்த்துவிடுவோம். ‘சைக்கோ’வுக்கு இசையமைத்த பெர்னார்ட் ஹெர்மன் 1975-இல் இறந்தார். இசைக்கோவைக்கு, அதாவது இயற்றிய இசைக்கு, இந்தியாவில் ஆசிரியரின் ஆயுளும் அதற்குப்பின் 60 ஆண்டும் பாதுகாப்பு. அதாவது 2035 முடியும்வரை. படத்துக்கும் ஒலிப்பதிவுக்கும் கணக்கு வேறு: வெளியானதிலிருந்து 60 ஆண்டு. 1960-ஆம் ஆண்டுப் படத்தின் ஒலித்தடத்துக்கு இந்தியாவில் காலம் முடிந்துவிட்டது என்று வாதாட இடம் உண்டு. நல்ல வாதம்தான், ஆனால் அதை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது, ஏனென்றால் அந்தத் தடத்துக்குள் இருக்கும் இசைக்கோவை இன்னும் உயிரோடு இருக்கிறது. தவிர, உங்கள் விநியோகஸ்தர் அமெரிக்கா, கனடாவில் இருக்கும் தமிழர்களுக்கும் படத்தைக் காட்டப் போகிறார். அமெரிக்கக் கணக்கில் 1960 படத்துக்கு 95 ஆண்டு, 2055 முடியும்வரை. உரிமம் வாங்கலாமே என்றால், இசைக்கோவைக்கு ஒருவரிடமும் ஒலிப்பதிவுக்கு இன்னொருவரிடமும் வாங்க வேண்டும். ஒன்பது லட்சத்தில் படம் எடுத்தவருக்கு நான் அந்த வழியைச் சொல்ல மாட்டேன். எடுத்துவிடுங்கள்.

படம் பொதுச்சொத்து என்றால் அதன் இசையும் பொதுச்சொத்தா?

‘நைட் ஆஃப் தி லிவிங் டெட்’ பற்றி நீங்கள் கேள்விப்பட்டது சரி. வெளியீட்டுக்கு முன் படத்தின் பெயரை மாற்றியபோது, பழைய டைட்டிலோடு இருந்த பதிப்புரிமை அறிவிப்பும் விழுந்துபோனது. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டத்தில் அறிவிப்பு இல்லையென்றால் பாதுகாப்பும் இல்லை. இயக்குநர் ஜார்ஜ் ரொமெரோவும் கூட்டாளிகளும் தங்கள் சம்பாத்தியத்தில் பெரும்பகுதியை அந்த ஒரு வரியில் இழந்தார்கள்.

ஆனால் அந்தப் படத்தின் இசை அவர்களுடையது அல்ல. பெரும்பாலும் கேப்பிட்டல் இசைத்தட்டு நிறுவனத்தின் ஹை-க்யூ லைப்ரரியிலிருந்து எடுத்தாண்ட இசை. அதே லைப்ரரித் துண்டுகள் சில, 1959-இல் வந்த ‘டீனேஜர்ஸ் ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ என்ற இன்னொரு மலிவுப் படத்திலும் கேட்கும். படத்துக்கு முன்பே இருந்த, வேறொருவர் இயற்றிய இசை அது. படக்காரர்கள் தங்கள் படத்துக்கான அறிவிப்பை விட்டுவிட்டதால் மட்டும் இசைக்காரர்களின் உரிமை போய்விட்டது என்று கொள்ள முடியாது. படத்தின் காட்சிகளை எடுத்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். நீங்கள் எடுத்தது அந்தப் படத்திலேயே படக்காரர்களுக்குச் சொந்தமில்லாத பகுதி. அதையும் எடுத்துவிடுங்கள்.

பாக் உங்களுக்கும் சொந்தம்

இங்கேதான் நல்ல செய்தி. டொக்காட்டாவை எழுதிய பாக் 1750-இல் இறந்தவர். (அதை எழுதியது பாக்தானா என்று சில ஆய்வாளர்கள் சந்தேகிக்கிறார்கள். யார் எழுதியிருந்தாலும் 60 ஆண்டு எப்போதோ கடந்துவிட்டது.) அந்தச் சுரங்கள் யாருக்கும் தடையில்லாதவை. நீங்கள் பதிவிறக்கிய ஆர்கன் வாசிப்பு அப்படியல்ல. அதை வாசித்த கலைஞருக்கும் பதிவுசெய்தவருக்கும் தனித்தனியே உரிமை உண்டு. உங்கள் நண்பர் தன் கீபோர்டில் ஆர்கன் ஒலியை வைத்து அதே சுரங்களை வாசித்துப் பதிவுசெய்தால் சிக்கல் தீர்ந்தது. பழைய அச்சுப் பிரதியைப் பார்த்து வாசிக்கச் சொல்லுங்கள். சுரங்களைக் கணினி வாசிக்கும்படி யாரோ பதிந்துவைத்த மிடி கோப்பைத் தரவிறக்கி ஓடவிட வேண்டாம்.

உச்சக்காட்சியின் ஆர்க்கெஸ்ட்ரா வடிவத்தில்தான் கண்ணி இருக்கிறது. சுரம் பாக்குடையது என்றாலும் அமைப்பு லியோபோல்ட் ஸ்டொகோவ்ஸ்கியுடையது. அவர் இறந்தது 1977-இல். அவருடைய ஆர்க்கெஸ்ட்ரா அமைப்புக்கு இந்தியாவில் 2037 முடியும்வரை பாதுகாப்பு உண்டு. உங்கள் நண்பர் அதைக் கேட்டு எழுதி வாசித்தாலும் அது மீறல்தான். மூலத்துக்குப் போய் அங்கிருந்து உங்கள் அமைப்பைச் செய்துகொள்ளுங்கள்.

இன்னும் இருக்கிறது. இறுதிச்சடங்குக்குப் பாடிய ‘டியெஸ் இரே’ என்ற லத்தீன் பாடலின் முதல் நான்கு சுரம் ஐரோப்பிய இடைக்காலத்தைச் சேர்ந்தது. பெர்லியோஸ் 1830-இல் தன் சிம்பொனியில் வைத்தார். 1980-இல் ‘தி ஷைனிங்’ அதில்தான் தொடங்குகிறது. அந்தப் படத்தின் பதிவைத் தொடாமல் நான்கு சுரத்தை மட்டும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். சான்-சான்ஸின் ‘டான்ஸ் மக்காப்ரே’, 1907-இல் இறந்த கிரீக்கின் ‘மலையரசனின் மண்டபத்தில்’ எல்லாம் அப்படியே. பயமுறுத்துவதற்கு இலவசமான சுரங்கள் வேண்டிய அளவு இருக்கின்றன.

சட்டத்துக்கு வெளியே ஒரு வார்த்தை சொல்ல அனுமதியுங்கள். 1954 ‘காட்ஜில்லா’வின் உறுமல் எந்த விலங்கினுடையதும் அல்ல. டபுள் பாஸ் கம்பிகளைத் தளர்த்தி, பிசின் தடவிய தோல் கையுறையால் அவற்றை இழுத்து எழுப்பிய ஒலி. இசையமைப்பாளர் அகிரா இஃபுகுபேயின் யோசனை. உங்கள் பக்கத்துக் கொடை விழாக்களில் வளைந்த குச்சியைத் தோலில் அழுத்தித் தேய்த்து உறுமி முனகுவதைக் கேட்டிருப்பீர்கள். குளத்துச் சேற்றிலிருந்து எழும் ஜந்துவுக்கு அதைவிடப் பொருத்தமான குரல் ‘சைக்கோ’வில் இல்லை என்பது என் தனிப்பட்ட அபிப்பிராயம். வாசிப்பவருக்கு உரிய தொகையைக் கொடுத்து, உங்கள் பெயரில் எழுதி வாங்கிப் பதிவுசெய்யுங்கள்.

நண்பரின் இசைக்கும் காகிதம் வேண்டும்

கடிதத்தில் நீங்கள் கவலைப்படாமல் கடந்துபோன இடம் இது. எனக்கு அதிகக் கவலை தருவதும் இதுதான். நண்பர் இயற்றியிருக்கிறார், தன் வீட்டில், தன் கருவியில், தன் செலவில் பதிவும் செய்திருக்கிறார். இன்றைய நிலையில் இசைக்கோவைக்கு மட்டுமல்ல, ஒலிப்பதிவுக்கும் அவரே உரிமையாளர் என்று சொல்ல வலுவான காரணம் உண்டு. வாய்வார்த்தையால் உரிமை கைமாறாது. 19-ஆம் பிரிவுப்படி எழுத்தும் கையெழுத்தும் வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எவ்வளவு காலம், எந்த நாடுகள், எவ்வளவு தொகை என்பவையும் இருக்க வேண்டும். காலத்தை எழுதாமல் விட்டால் ஐந்து ஆண்டு என்றும், நாட்டை எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்றும் சட்டமே நிரப்பிவிடும். வெளிநாட்டு ஓடிடிக்குப் போகும் படத்துக்கு அந்த இரண்டாவது விடுபடல் தலைவலி.

‘மொத்தமாக எழுதி வாங்கிவிடு’ என்று யாராவது சொல்வார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு அது முழுதாக நடக்காது. திரையரங்கில் படத்தோடு சேர்த்துக் காட்டுவது தவிர்த்த மற்றப் பயன்பாடுகளுக்கு, வரும் ராயல்டியில் இசையமைப்பாளருக்குச் சமபங்கு உண்டு. விட்டுக்கொடுக்கிறேன் என்று அவரே எழுதினாலும் செல்லாது. எனவே அதையும் சேர்த்தே எழுதுங்கள். வாசித்த, பதிவுசெய்த ஒலிகள் எல்லாம் அவருடையவை என்றும், கீபோர்டு மென்பொருளுக்கு உரிய உரிமம் அவரிடம் இருக்கிறது என்றும் ஒரு வரி இருக்கட்டும். ‘கிரியேச்சர்’ போலவே மூன்று சுரம் வேண்டும் என்று அவரிடம் கேட்டதாக எழுதியிருக்கிறீர்கள். மூன்று சுரத்தைக் காட்டிப் பயமுறுத்தும் உத்தி யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் அதே மூன்று சுரம், அதே தாளம், அதே பித்தளை ஒலி என்றால் நகலுக்கு அருகில் போகிறீர்கள். வேறு மூன்றைத் தேடச் சொல்லுங்கள்.

இந்த இரண்டு வாரத்தில்

முதலில் டிரெய்லர். உரிமைக்கோரல் வந்திருக்கிறதே தவிர, ஸ்டிரைக் (வீடியோவை நீக்கிச் சேனல்மீது விழும் எச்சரிக்கை) வரவில்லை. இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு நியாயமான பயன்பாடு என்று மறுப்பு எழுதப் போவதாகச் சொல்கிறீர்கள். வேண்டாம். மறுப்பு நிராகரிக்கப்பட்டு, உரிமையாளர் வீடியோவையே நீக்கக் கோரினால் அப்போதுதான் ஸ்டிரைக் விழும். 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் கல்யாண வீடியோக்கள் இருக்கும் உங்கள் தொழில் சேனலே போய்விடும். டிரெய்லரை நீங்களே எடுத்துவிட்டு, இசையை மாற்றி மறுபடி ஏற்றுங்கள். நாளைக்கு நீங்களே வாசித்த பாக்குக்கும் தானியங்கி உரிமைக்கோரல் வரலாம். அப்போது மறுப்பு எழுதுங்கள், தைரியமாக. பதிவுசெய்த மூலக் கோப்புகளைத் தேதியோடு பத்திரப்படுத்தி வையுங்கள்.

அடுத்து எடிட்டரிடம் ஒரு கேள்வி: வசனம், ஓசை, இசை மூன்றும் தனித்தனி தடங்களாக இருக்கின்றனவா, இல்லை எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்துவிட்டு மூலத்தை அழித்துவிட்டாரா? தனியாக இருந்தால் நான்கு இடத்தில் இசையை மாற்றுவது சில நாள் வேலை. கலந்திருந்தால் அந்தக் காட்சிகளுக்கு டப்பிங் மறுபடி செய்ய வேண்டியிருக்கும். அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள்.

விநியோகஸ்தருக்கு இன்றே கடிதம் எழுதுங்கள். இசையில் சில பகுதிகளை மாற்றிக்கொண்டிருக்கிறேன், சரியான கியூ ஷீட்டோடு தருகிறேன், இன்னும் ஒரு மாதம் வேண்டும் என்று கேட்டால் போதும். பழைய பட்டியலை விவரிக்க வேண்டியதில்லை. அவர் மறுத்தால் மறுக்கட்டும். பொய்யான உறுதிமொழியில் கையெழுத்திட்டால் இசைக்காரர்கள் மட்டுமல்ல, இழப்பீடு கேட்டு விநியோகஸ்தரும் உங்கள்மீது வழக்குப் போடலாம். தெரிந்தே மீறுவது 63-ஆம் பிரிவில் குற்றமும்கூட: ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை, 50 ஆயிரம் முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அந்தக் குற்றம் ஜாமீனில் வெளிவர உரிமையில்லாத வகை என்று 2022-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சிறிய படத்தை யார் தேடி வரப்போகிறார்கள் என்று உங்கள் நண்பர்கள் சொல்லலாம். யாரும் தேடி வர வேண்டியதில்லை, தளத்தில் ஏறிய மறுநிமிடமே மென்பொருள் கண்டுபிடித்துவிடும். உங்கள் டிரெய்லருக்கு நடந்தது அதுதான்.

இழப்பீட்டு உறுதி பற்றிக் கடைசியாக ஒன்று. இசையை மாற்றிய பிறகும் அந்தப் பத்தியை இருக்கிறபடியே ஏற்க வேண்டாம். “முழு இழப்பையும்” என்று வரம்பில்லாமல் இருக்கிறது. நீங்கள் உண்மையில் பெற்ற தொகைக்கு மேல் பொறுப்பில்லை என்று உச்சவரம்பு கேளுங்கள். வழக்கு வந்தால் உங்களுக்கு உடனே எழுத்தில் தெரிவிக்காமல் அவர்களாகச் சமரசம் செய்யக் கூடாது என்றும் சேர்க்கச் சொல்லுங்கள். இரண்டில் ஒன்றையாவது பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். நண்பரோடு ஒப்பந்தம் எழுதியதும் அதையும் இந்த உறுதிப் பத்திரத்தையும் சேர்த்து உங்கள் ஊரில் ஒரு வழக்கறிஞரிடம் காட்டிவிட்டுக் கையெழுத்திடுங்கள்.